ஃப்ரூட்ஸ் பாஸ்கெட் கடைசிப் பாகங்கள்: பழைய பதிப்பைத் தேடுவதா, தொகுப்புக்கு மாறுவதா?

நட்சுகி தகாயா எழுதி வரைந்த ‘ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்’ மாங்கா (ஜப்பானியப் படக்கதை) மொத்தம் 23 பாகங்கள். அதில் 20 பாகங்களை டோக்கியோபாப் பதிப்பகத்தின் ஆங்கிலப் பதிப்பில், பழைய புத்தகங்களாகவே வாங்கிச் சேர்த்திருந்தேன். மீதி மூன்றுக்கு மூன்று வழிகள்: அதே பதிப்பைத் தேடிப் பிடிப்பது, யென் பிரஸ் என்ற இன்னொரு பதிப்பகத்தின் 12 புத்தகத் தொகுப்புப் பதிப்புக்கு மாறுவது, மின்னூலாக வாங்குவது. நான் தொகுப்புக்கு மாறினேன். யார் கேட்டாலும் இப்போது அதையே சொல்கிறேன்.

பழைய பதிப்பு கைக்கு அடக்கமானது, ஒரு கையில் பிடித்துப் படுத்தபடியே படிக்கலாம். தொகுப்பு கனமானது, அளவிலும் பெரியது. அட்டைகளுக்குத் தகாயாவே புதிதாக வரைந்திருக்கிறார். இதெல்லாம் அவரவர் விருப்பம்.

முடிவு செய்ய வேண்டிய விஷயம் வேறு: ஒரு பாகம் கெட்டுப்போனால் இன்னொன்று கிடைக்குமா? டோக்கியோபாப் தன் அமெரிக்க வெளியீட்டை 2011இல் நிறுத்தியபோதே இந்தப் பதிப்பும் நின்றுபோனது. அதனால் பழைய பதிப்பில் நாம் வாங்குவது எப்போதுமே யாரோ படித்து முடித்த பிரதிதான். முதல் பத்துப் பாகங்கள் எனக்குச் சிரமமில்லாமல் கிடைத்தன. கடைசிப் பாகங்கள் அப்படியில்லை. பல மாதம் காத்திருந்து 21ஐ ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். முதுகில் இருந்த பசை காய்ந்து பொருக்காகிவிட்டிருந்தது. விரித்ததுமே பத்துப் பன்னிரண்டு தாள்கள் கட்டாகக் கழன்று மடியில் விழுந்தன. அதற்குப் பதில் வாங்க இன்னொரு பிரதி இல்லை. காதல் கதையின் முடிச்சு அவிழும் இடத்தில் தாள்களை வரிசைப்படுத்திக்கொண்டிருப்பது எவ்வளவு எரிச்சல் தெரியுமா?

அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தொகுப்பில் ஒரு புத்தகத்துக்கு இரண்டு பழைய பாகங்கள். 11ஆவதில் 21ம் 22ம், 12ஆவதில் 23 மட்டும். ஆக, இரட்டைப்படை எண்ணில் நிற்பவர்கள் ஒரு பாகத்தைக்கூட இரண்டாம் முறை வாங்காமல் மாறிவிடலாம். 17இல் நிற்பவர் 9ஆவது தொகுப்பை வாங்கினால் ஒரே ஒரு பாகம்தான் இரட்டிப்பாகும். மொழிபெயர்ப்பு வேறு என்பதால் முதல் சில பக்கங்களில் பாத்திரங்களின் பேச்சு கொஞ்சம் அந்நியமாகத் தெரிந்தது. ஒரு அத்தியாயத்துக்குள் பழகிவிட்டது.

பெரிய அளவின் அருமை இந்தக் கடைசிப் பாகங்களில்தான் தெரிகிறது (இதற்குமேல் கதை முடிவைத் தொடுகிறேன்). தொடர் நடந்துகொண்டிருந்தபோதே தகாயா, தான் வரையும் இடது கையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். பிற்பகுதியில் அவருடைய கோடு மாறிவிட்டது. பின்னணியே இல்லாத வெள்ளைக் கட்டங்கள், யார் பேசுகிறார் என்று சுட்டாமல் மிதக்கும் சொற்கள், ஓரத்தில் பொடி எழுத்தில் முணுமுணுப்புகள். கதையின் மையமான சோமா குடும்பத்தின் சாபம் விடுபடும் 22ஐ நெருக்கடியான பக்கத்தில் படித்திருந்தால், அந்த வெறுமை எனக்கு உறைத்திருக்காது. 23இல் அந்தக் குடும்பத்து யூகி, கதாநாயகி தோரு ஹோண்டாவை, அதுவரை ‘ஹோண்டா-சான்’ என்று குடும்பப் பெயரால் மரியாதையாகவே அழைத்துவந்தவளை, முதன்முறையாக ‘தோரு’ என்று பெயர் சொல்லி நன்றி சொல்கிறான். ஒரு சொல்தான். அதைச் சுற்றி நல்ல வெளிச்சமும் இடமும் வேண்டும்.

தொகுப்பிலும் ஒரு குறை உண்டு. இரண்டு பாகங்களைச் சேர்த்துக் கட்டியதால் நடு மடிப்பு ஆழம், மடிப்பை ஒட்டிய சொற்களைப் படிக்கப் புத்தகத்தை அழுத்தி விரிக்க வேண்டியிருக்கிறது. அப்படி அழுத்தியதில் என் 11ஆவது புத்தகத்தின் முதுகில் ஏற்கனவே வெள்ளைக் கோடு விழுந்துவிட்டது. பத்து வருடம் கழித்து இதன் பசை எப்படி இருக்கும் என்று இப்போதே உறுதி சொல்ல முடியாது.

மின்னூல் பற்றி அதிகம் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. கைபேசியில் இரண்டு அத்தியாயங்கள் படித்தேன். இருபக்கப் படங்கள் சுருங்கிவிடுகின்றன, பொடி எழுத்துக்காகப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. பெரிய திரையில் நன்றாக இருக்கலாம். அலமாரியில் இடமில்லாதவர்கள் அதை முயன்று பார்க்கலாம்.

பழைய 20 பாகங்களை நான் விற்கவில்லை. அவற்றின் பக்கத்தில் இரண்டு உயரமான புத்தகங்கள், கடைசியது ஒல்லியாக. அதன் முடிவில் தோருவும் அவள் காதலன் கியோவும் கிழவன் கிழவியாகக் கைகோத்து நடந்து போகிறார்கள். அந்தப் பக்கத்தை மட்டும் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன்.