தமிழ்99 விசைப்பலகை: அறுபத்தேழு வயதில் எழுதத் தொடங்கிய சிக்னல்ஸ் ஹவில்தாரின் மேசையிலிருந்து

இரண்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் நாள்தோறும் பயன்பட்டுவரும் தமிழ்99 விசைப்பலகை அமைப்பைப் பற்றிய மதிப்புரை இது. இதைப் பயன்படுத்துபவர் என் தந்தை. 1975இல் பத்தொன்பது வயதில் தரைப்படையின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் சேர்ந்து, ஜபல்பூரில் பயிற்சி பெற்று, 1999இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர் அவர். பிறகு அறுபது வயது வரை ஒரு வங்கியின் வாசலில் காவலராக நின்றார். வேலூர்ப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன ஊர்கள் பல உண்டு; கம்மவான்பேட்டையைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அத்தகைய ஊர் ஒன்றில்தான் நாங்கள் இருக்கிறோம். இங்கே திண்ணைக்குத் திண்ணை பட்டாளத்துக் கதைகள் சொல்லப்பட்டாலும் அவற்றை எழுதி வைத்தவர்கள் மிகச் சிலரே. மலையாளத்தில் பாறப்புறத்து, கோவிலன், நந்தனார் என்று படையில் பணியாற்றியவர்களே 'பட்டாளக் கதை' என்ற தனி வகையை வளர்த்தெடுத்தார்கள். என் வாசிப்புக்கு எட்டிய வரையில் தமிழில் அதற்கு இணையான மரபு இல்லை. அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். கருவி சார்ந்த ஒரு காரணத்தை மட்டும் நான் அருகிலிருந்து பார்த்தேன் என்பதால் இதை எழுதுகிறேன்.

2023இல், உடன் பணியாற்றிய நண்பர் ஒருவர் இறந்தபோது, முன்னாள் படைவீரர்களின் ஆண்டுக் கூட்ட மலருக்காக அவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தருமாறு அப்பாவைக் கேட்டார்கள். அவர் ஒரு வாரம் முயன்றார். பேனா பிடித்தால் வலக்கை நடுங்கும். காலையில் எழுதியதை மாலையில் அவராலேயே படிக்க முடியவில்லை. பணிக்காலத்தில் '56 ஏபிஓ', '99 ஏபிஓ' என்ற படை அஞ்சலக முகவரிகளிலிருந்து இன்லேண்டுக் கடிதத்தின் மடிப்பு ஓரம் வரை பொடி எழுத்தில் நிரப்பி அம்மாவுக்கு அனுப்பியவர் அவர். அந்த எழுத்து கையை விட்டுப் போனதை அவர் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

முதலில் அலைபேசியில் குரல்வழித் தட்டச்சைக் காட்டினேன். பேசினால் எழுத்தாகிவிடும் வசதி முதியவர்களுக்கு வரம் என்று நானும் நம்பியிருந்தேன். ஓரளவு வேலையும் செய்தது. எங்கள் பக்கத்துப் பேச்சும் பட்டாளத்துச் சொற்களும் கலந்து வந்த இடங்களில் தடுமாறியது, நிறுத்தக்குறிகளைத் தனியே இட வேண்டியிருந்தது. இவையெல்லாம் திருத்திக்கொள்ளக் கூடியவைதான். ஆனால் மூன்றாம் நாள் அவர் அதை நிறுத்திவிட்டார். காரணம் கேட்டபோது, "வீட்ல எல்லாரும் இருக்கும்போது வாய் விட்டு எப்படிம்மா சொல்றது" என்றார். குரல்வழித் தட்டச்சைப் பற்றி நான் படித்த எந்த மதிப்புரையும் இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை. இருபத்து நான்கு ஆண்டுப் பணியில் பார்த்தவற்றில் ஒரு பகுதியை வாயால் சொல்ல முடியாது என்பதால்தான் அவர் எழுத விரும்பினார். சத்தமாகச் சொன்னால் மட்டுமே எழுதித் தரும் கருவி அவருக்குப் பயன்படாது.

அடுத்ததாக, நான் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தும் ஆங்கில ஒலிபெயர்ப்பு முறையைக் கற்றுக்கொடுத்தேன். 'அம்மா' என்ற சொல்லை ஆங்கில எழுத்துகளில் அடித்தால் திரையில் தமிழில் வரும் முறை அது. படையில் இந்தியையே ரோமன் எழுத்தில் படித்துத் தேர்வு எழுதியவர் என்பதால் எளிதாகப் பழகிவிடுவார் என்று எண்ணினேன். உண்மையில் அந்தப் பழக்கமே இடைஞ்சலாக நின்றது. லகர ளகர ழகரத்துக்கும், ரகர றகரத்துக்கும், மூன்று வகை நகர எழுத்துகளுக்கும் எந்த ஆங்கில எழுத்து, எப்போது ஷிஃப்ட் என்று ஒவ்வொரு சொல்லிலும் நின்று யோசிக்க வேண்டியிருந்தது. சொல்ல வந்த வாக்கியம் அதற்குள் நழுவிவிடும். மீண்டும் ரோமன் பரீட்சை எழுதுவது போல இருக்கிறது என்று சொல்லி அதையும் மூடி வைத்தார்.

அதன் பிறகே தமிழ்99க்கு வந்தோம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்'99 மாநாட்டின் பரிந்துரையிலிருந்து உருவாகி, தமிழக அரசின் ஏற்பையும் பெற்ற விசைப்பலகை அமைப்பு இது. எங்கும் விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை. விண்டோஸ் 11இல் மொழி அமைப்புகளுக்குள் போய்த் தமிழைச் சேர்த்து இந்த விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஆப்பிள் கணினிகளிலும் ஐஃபோனிலும் இது உள்ளமைந்தே வருகிறது. பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு. நாங்கள் செலவிட்டது, சில நூறு ரூபாய்க்கு வாங்கிய பெரிய விசைகள் கொண்ட யுஎஸ்பி விசைப்பலகைக்கும் அதன் மேல் ஒட்டிய தமிழ் எழுத்து ஸ்டிக்கர்களுக்கும் மட்டுமே.

இதன் அமைப்பைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதன் சிறப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று, ஆக முப்பத்தொரு விசைகள். அவற்றில் எதற்கும் ஷிஃப்ட் கிடையாது. உயிரெழுத்துகள் இடக்கைக்கும், வகர ஙகரம் நீங்கலான மெய்கள் வலக்கைக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. தமிழ்ச் சொற்களில் மெய்யும் உயிரும் அடுத்தடுத்து வருவதால், அடிக்கும்போது கைகள் மாறி மாறி இயங்குகின்றன. அப்பா இதை இரண்டாம் வாரமே கண்டுகொண்டு, "செட்ல ரெண்டு பேரு பேசுற மாதிரி இருக்குதும்மா, ஒருத்தன் முடிச்சதும் அடுத்தவன்" என்றார். செட் என்று அவர் சொன்னது வானொலிக் கருவியை. குறுகிய, நீண்ட ஒலிகளால் செய்தி அனுப்பும் மோர்ஸ் சங்கேதத்தில் பழகிய விரல்களுக்கு, ஒவ்வோர் எழுத்துக்கும் மாறாத அசைவு என்ற ஒழுங்கு எவ்வளவு இயல்பானது என்பதை அன்று உணர்ந்தேன்.

அடுத்த சிறப்பு புள்ளி. ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதல் மெய்க்குப் புள்ளி தானாகவே விழும். ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற என்று இன எழுத்துகள் அடுத்தடுத்து வந்தாலும் அப்படியே. ஆகவே 'தம்பி' என்பதற்கு நான்கு விசைகள் போதும். 'பட்டாளம்' என்ற சொல்லை இதில் ஏழு விசைகளில் அடிக்கிறோம். ஒலிபெயர்ப்பில் அதற்கு ஒன்பது விசைகளும் நடுவில் ஒரு ஷிஃப்டும் தேவைப்படும். மற்ற இடங்களில் புள்ளி வைக்க, இடக்கை ஆள்காட்டி விரல் இயல்பாக அமரும் விசை ஒதுக்கப்பட்டிருக்கிறது. பார்க்காமல் தொட்டு அறிவதற்கான சிறு மேடு இருக்கும் விசை அது. தமிழின் இலக்கணத்தை அறிந்தவர்கள் அமர்ந்து யோசித்துச் செய்த வேலை என்பது பழகப் பழகத் தெரிகிறது. திண்ணைப் பள்ளியில் நெடுங்கணக்கைக் கற்றவருக்கு இதில் புதிதாகக் கற்க வேண்டியது இடம் மட்டுமே.

அந்த இடத்தைக் கற்பதற்கு ஆசிரியர் கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்துத் தட்டச்சுப் பயிலகங்களில் இன்னும் பழைய தட்டச்சுப் பொறியின் அமைப்பையே சொல்லித் தருகிறார்கள். எனவே விசைப்பலகையின் படத்தைப் பெரிதாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டினோம். மோர்ஸ் பயிற்சியில் செய்தது போலவே பொருளற்ற ஐந்தெழுத்துத் தொகுதிகளைத் தாமே எழுதிக்கொண்டு, காலையில் அரை மணி, மாலையில் அரை மணி என்று அவற்றை அடித்தார். மூன்று வாரத்தில் எழுத்துகளின் இடம் பிடிபட்டது. இரண்டு மாதத்தில் விசைகளைப் பார்ப்பதை விட்டார். நான் இன்னும் பார்த்துத்தான் அடிக்கிறேன்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். முதலாவது, தானாக விழும் புள்ளி வேண்டாத இடத்திலும் விழும். 'நதி' என்று அடித்தால் எங்கள் கணினியில் 'ந்தி' என்றுதான் வரும். நகரத்துக்கும் தகரத்துக்கும் நடுவில் அகரத்தை அடித்துப் பிரிக்க வேண்டும். ஜம்முவில் இருந்த நாட்களையும் அங்கு ஓடும் தாவி நதியையும் பற்றி எழுதிய அத்தியாயத்தின் முதல் படியில் இந்தப் பிழை பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. 'பப்பாளி', 'தத்தளிப்பு' போன்ற சொற்களுக்கும் இதே விதிதான். பழகியவர்களுக்கு இது பொருட்டில்லை என்றாலும் புதியவர்களை முதல் மாதத்தில் சோர்வடையச் செய்யும்.

இரண்டாவது குறை கை நடுக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் உரியது. விரல் நடுங்கி ஒரே விசை இருமுறை பதிந்தால், மற்ற முறைகளில் ஓர் எழுத்து கூடுதலாக வருவதோடு சரி. இங்கே புள்ளியும் சேர்ந்து விழுந்து சொல்லே மாறிவிடுகிறது. 'படை' என்பது 'பட்டை' ஆகும். இதற்குத் தீர்வு விண்டோஸிலேயே இருக்கிறது. அணுகல் வசதிகளில் உள்ள ஃபில்டர் கீஸ் என்பதை இயக்கினால், மிகக் குறுகிய இடைவெளியில் மீண்டும் பதியும் விசையைக் கணினி பொருட்படுத்தாது. இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு அப்பாவின் பிழைகள் பெருமளவு குறைந்தன. இதை முதல் மாதத்திலேயே அறிந்திருந்தால் அவருடைய பல மாலைகள் வீணாகியிருக்காது என்ற வருத்தம் எனக்கு உண்டு.

மூன்றாவது, கிரந்த எழுத்துகள். ஜ, ஸ, ஷ, ஹ நான்கும் மேல் வரிசையில் ஷிஃப்டோடு இருக்கின்றன. பொதுத் தமிழுக்கு இந்த ஏற்பாடு சரியானதே. ஆனால் படைவீரர் எழுதும் தமிழில் ஹவில்தார், ஜவான், ஜே.சி.ஓ., ஜபல்பூர், ராஜஸ்தான் என்று அந்த எழுத்துகள் வந்துகொண்டே இருக்கும். நடுங்கும் கையால் ஒரு விசையை அழுத்திப் பிடித்தபடி மற்றொன்றை அடிப்பது கடினம். ஷிஃப்ட் விசையை ஐந்து முறை தொடர்ந்து அழுத்தினால் இயங்கும் ஸ்டிக்கி கீஸ் வசதி இங்கே கைகொடுத்தது. முதலில் ஷிஃப்ட், அதை விட்டுவிட்டுப் பிறகு எழுத்து என்று தனித்தனியாக அடிக்கலாம்.

அலைபேசியின் சிறிய கண்ணாடித் திரையில் இந்த அமைப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். முப்பத்தொரு எழுத்துகள் நெருக்கியடித்து நிற்கும், இரு கை மாறி இயங்கும் நன்மையும் அங்கே இல்லை. ஸ்டிக்கர்களைப் பொறுத்தவரை, கடையில் வாங்கிய முதல் தொகுதி நான்கு மாதத்தில் மங்கிவிட்டது. அதற்குள் அவருக்கு அவை தேவைப்படவில்லை.

இத்தனையும் செய்து அவர் என்ன எழுதினார் என்று கேட்கலாம். மலருக்கான இரண்டு பக்கம் முடிந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. ஜபல்பூர் பயிற்சி, ராஜஸ்தான் எல்லை, ஜம்மு என்று இதுவரை பதினான்கு அத்தியாயங்கள் ஆகியிருக்கின்றன. அதிர்வெண், அழைப்புக் குறி, பிரிவின் எண் போன்றவை எதிலும் இல்லை. அரசாங்க ரகசியச் சட்டம் ஓய்வு பெற்றவரையும் கட்டுப்படுத்தும் என்பதை அவர் எனக்கு முன்பே அறிந்தவர். 1987இல் அமைதிப் படையோடு யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டபோது அவருக்கு வயது முப்பத்தொன்று. தமிழ் பேசும் சிப்பாய் என்பதால் வீட்டு வாசல்களில் மொழிபெயர்ப்பாளராகவும் அவரை நிறுத்தியிருக்கிறார்கள். அந்தக் காலத்தைப் பற்றி எங்கள் வீட்டில் அவர் ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை. அம்மாவும் கேட்டதில்லை. சென்ற ஐப்பசியில் பதினோராம் அத்தியாயமாக அதை எழுதினார். மூன்று முறை முழுவதும் அழித்து நான்காம் முறை எழுதிய அத்தியாயம் அது. மழை நாட்களில், அடுத்த அறையில் நாங்கள் இருக்க, விசைகளின் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அதில் உள்ளதை இங்கே சொல்ல எனக்கு உரிமையில்லை. நூலாக்கும்போது அது இருக்கலாமா என்பதை அவர் இன்னும் முடிவு செய்யவில்லை.

வயதான காலத்தில் தமிழில் எழுதத் தொடங்கும் எவருக்கும், குறிப்பாகத் தமிழ் வழியில் படித்துவிட்டு வாழ்நாளின் பெரும்பகுதியை வேறு மொழிகளுக்கு நடுவில் கழித்தவர்களுக்கு, தமிழ்99ஐ நான் முழு மனதோடு பரிந்துரைக்கிறேன். இரண்டு மாதப் பொறுமையும் தனி விசைப்பலகையும் வேண்டும், நடுக்கம் இருந்தால் மேலே சொன்ன இரண்டு வசதிகளையும் முதல் நாளே இயக்கிவிட வேண்டும். வீட்டில் உள்ள இளையவர்கள், தங்களுக்கு எளிது என்பதற்காக ஒலிபெயர்ப்பு முறையை அவர்கள் மேல் திணிக்க வேண்டாம். நான் அந்தத் தவறைச் செய்தேன்.

அரக்கோணத்தில் இருக்கும் பழைய தோழர் ஒருவருக்காக இன்னொரு விசைப்பலகை வாங்கி வரும்படி போன வாரம் அப்பா பணம் கொடுத்தார். தம்முடைய ஐந்தெழுத்துத் தொகுதிகளை நாற்பது பக்கத்துக்குப் பெரிய எழுத்தில் அடித்து, பயிற்சி ஏடாகக் கட்டி, அதையும் கூடவே அனுப்பச் சொல்லியிருக்கிறார்.