அஸ்தி கரைக்க ராமேஸ்வரம் பேக்கேஜ்னு போன் வந்தா, காசு கட்டுறதுக்கு முன்னாடி இத படிங்க

பினாங்கு, கெடா, பேராக் பக்கம் உள்ளவங்க முக்கியமா படிங்க. வீட்டுல சாவு விழுந்த குடும்பமா பாத்து போன் பண்றாங்க. எங்க குடும்பத்துல 9,600 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) போச்சு. காசு போனது ஒரு பக்கம் இருக்கட்டும், அண்ணன் அஸ்திய கையில வச்சிக்கிட்டு ஏர்போர்ட் கவுண்டர்ல நாங்க நாலு பேரும் நின்ன நெலமை இன்னொரு குடும்பத்துக்கு வரக்கூடாது, அதுக்காகத்தான் எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

அண்ணன் தவறுனப்ப வயசு 50. மாரடைப்பு. காலையில வேலைக்குக் கெளம்ப சட்டை மாட்டிக்கிட்டு இருந்தவரு அப்படியே கட்டில்ல உக்காந்தாரு, அவ்ளோதான். அண்ணியும் ரெண்டு பொம்பளப் புள்ளைங்களும். அப்பா அம்மா ஏற்கனவே இல்ல, அண்ணனுக்கு ஆம்பளப் புள்ளையும் இல்ல, அதனால கொள்ளி வச்சது நான்தான். பத்து லாஞ்சாங்ல தகனம் பண்ணி மறுநாள் கடல்ல கரைச்சோம், கொஞ்சம் மட்டும் சின்னக் கலயத்துல எடுத்து வச்சோம். எங்க தாத்தா ராமநாதபுரம் பக்கத்துலேருந்து கப்பலேறி வந்தவரு. ஒரு தடவையாச்சும் ராமேஸ்வரம் போயி 22 தீர்த்தத்துலயும் அப்பா பேரச் சொல்லி குளிக்கணும்டான்னு அண்ணன் வருஷா வருஷம் சொல்லுவாரு, போகவே இல்ல. சரி, இப்பவாச்சும் கொண்டு போயி அக்னி தீர்த்தத்துல விடுவோம்னு அண்ணி கேட்டாங்க. வீட்டுக்குள்ள வைக்கக்கூடாதுன்னு கலயத்த மஞ்சத் துணியில சுத்தி பின்பக்கம் மாமரத்துல கட்டி வச்சிருந்தோம்.

நான் பாயான் லெப்பாஸ்ல ஒரு பேக்டரியில ஷிஃப்ட் சூப்பர்வைசர். அண்ணன் செத்ததுக்கு கம்பெனி குடுத்த லீவு ஒரே ஒரு நாள். அவங்களக் குறை சொல்லியும் புண்ணியம் இல்ல, நம்ம 1955 வேலைச் சட்டத்துல ஆண்டு லீவு இருக்கு, உடம்பு சரியில்லன்னா எம்சி இருக்கு, பிரசவ லீவு 98 நாள் இருக்கு, 2023-லேருந்து அப்பாமாருக்கு 7 நாள் கூட வந்துருச்சு, ஆனா துக்கத்துக்குன்னு ஒரு நாள் கூட எழுதி வைக்கல, கம்பெனி மனசு வச்சாத்தான் உண்டு. மிச்ச நாளெல்லாம் என் ஆண்டு லீவுலேருந்துதான் எடுத்தேன், பதினாறாம் நாள் காரியம் முடியுறப்ப அதுவும் தீந்துருச்சு. அதே மாசம் இன்னொரு சூப்பர்வைசர் வேலைய விட்டுட்டுப் போயிட்டாரு, ரெண்டு லைனும் என் தலையில, மாசக் கடைசியில கஸ்டமர் ஆடிட் வேற. ராத்திரி 7-லேருந்து காலை 7 வரைக்கும் வேலை, வெளிய வந்து ஒரு கோப்பி ஓ குடிச்சிட்டு தூங்காம நேரா ஜேபிஎன் (பதிவு இலாகா), பேங்கு, கேடபிள்யூஎஸ்பி (சேமநிதி), காடி லோன் ஆபீஸ்னு அலைவேன். சாவுப் பதிவ ஏழு நாளுக்குள்ள பண்ணிடணும், அதுலேருந்து ஒவ்வொரு ஆபீஸும் ஒவ்வொரு பாரம் கேப்பான், அண்ணி எதையும் பாக்குற நெலமையில இல்ல.

அழுகை வரல எனக்கு. எல்லாரும் பரவால்ல தைரியமா இருக்கான்னு நெனச்சாங்க. ஆனா ராத்திரி பத்தரை மணி மட்டும் தாங்கவே முடியாது. எனக்கு நைட் ஷிஃப்ட்ல மொத பிரேக் பத்தரைக்கு, பதினஞ்சு வருஷமா அந்த நேரத்துக்கு அண்ணன் போன் அடிப்பாரு. என்னடா சாப்ட, புள்ள படிக்கிறானா, மழையா அங்க, இவ்ளோதான் பேச்சு, அஞ்சு நிமிஷம் கூட இருக்காது. அவரு போனப்புறம் பத்தரை ஆனா கேன்டீன்ல போன மேசை மேல வச்சு அத பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன்.

அந்த நேரத்துலதான் இந்த பேக்கேஜ் விக்கிற பொண்ணு போன் பண்ணுச்சு. நம்பர் எப்படிக் கெடைச்சுதுன்னா, நாம எல்லாரும் சாவு அறிவிப்ப போட்டோவோட ஃபேஸ்புக்ல, வாட்சப்ல போடுறோம்ல, கீழ தொடர்புக்குன்னு நம்பர் போடுறோம்ல, அங்கேருந்துதான். அதுவே சொல்லுச்சு, 'அண்ணா, உங்க அண்ணன் போட்டோ பாத்தேன், மனசு கேக்கல, எங்க அப்பாவும் இப்படித்தான் திடீர்னு போனாரு'ன்னு. நல்ல தமிழ், நம்ம ஊரு தமிழ்தான், மரியாதையான பேச்சு. காசப் பத்தி மொத நாள் ஒரு வார்த்தை பேசல. எப்ப போன் பண்ணா தொந்தரவு இல்லன்னு கேட்டுச்சு, நான் பத்தரைன்னு சொன்னேன். அதுக்கப்புறம் ஒரு வாரம் சரியா பத்தரைக்கு போன் வந்துச்சு. சாப்டீங்களாண்ணான்னு கேக்கும். இத எழுத எனக்கு கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா அவங்க எப்படி உள்ள வர்றாங்கன்னு உங்களுக்குத் தெரியணும்.

பேக்கேஜ் என்னன்னா, கோலாலம்பூர்லேருந்து திருச்சிக்கு பிளைட், அங்கேருந்து வேன்ல ராமேஸ்வரம், ரூம், ஐயருக்கு தட்சணை, தீர்த்தம், விசா எல்லாம் சேத்து ஆளுக்கு 2,325 வெள்ளி, அஸ்தி கொண்டு போற லெட்டருக்கு தனியா 300. அந்த லெட்டர நெனச்சுத்தான் நான் பயந்துக்கிட்டே இருந்தேன், அத அவங்களே ரெடி பண்றோம்னதும் பாதி பாரம் எறங்குன மாதிரி இருந்துச்சு. காசு கட்டுன அன்னைக்கு ராத்திரி லைன்ல மெஷின் நின்னு போச்சு, டெக்னீஷியன் ஒரு பக்கம் கூப்புடுறான், 11.40 மணிக்கு இந்தப் பொண்ணு போன், 'அண்ணா பன்னண்டு மணிக்கு ப்ரோமோ முடியுது, நாளைக்கு ஆளுக்கு 600 கூடிரும், பாவம் அண்ணிக்கு எதுக்கு வீண் செலவு'ன்னு. நின்னுக்கிட்டே போன்ல அனுப்பிட்டேன். அக்கவுண்ட் கம்பெனி பேர்ல இல்ல, ஏதோ தனி ஆள் பேரு. பாத்தேன், பாத்துட்டும் அனுப்பினேன். லைசன்ஸ் படம் ஏற்கனவே அனுப்பிருந்துச்சு, அதுல இருந்த கம்பெனி பேரு வேற.

இங்க ஒரு பழைய கதைய சொல்லாம இருக்க முடியல.

2001-ல எனக்கு 22, அண்ணனுக்கு 26. ரெண்டு பேரும் மொத மொதலா நாடு தாண்டுனது அப்பத்தான். அப்பல்லாம் பட்டர்வொர்த்துலேருந்து பேங்காக்குக்கே ரயில் இருந்துச்சு, மத்தியானம் ஏறினா மறுநாள் காலையில ஹுவாலாம்போங் ஸ்டேஷன், இப்ப பாடாங் பெசார் போயித்தான் ஏறணும். பார்டர்ல பையெல்லாம் தூக்கிக்கிட்டு எறங்கி பாஸ்போர்ட்டுல சாப்பு (முத்திரை) வாங்கி மறுபடி ஏறினோம். ஹாட்யாய் ஸ்டேஷன்ல வறுத்த கோழி வாங்க நான் எறங்கினேன், அந்த நேரம் பாத்து ரயில் நகந்துருச்சு, நான் கோழிப் பொட்டலத்தோட ஓட, அண்ணன் வாசல்ல தொங்கிக்கிட்டு கைய நீட்ட, கடைசியில பாத்தா வேற பெட்டி கோக்குறதுக்காக கொஞ்ச தூரம் போயி திரும்பி வந்து நின்னுச்சு. அன்னைக்கு எம்மேல உள்ள பயத்துல அவரு கை நடுங்குனது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.

பேங்காக் பெரிய அரண்மனை மதில் ஓரமா நடந்து போறோம், வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தரு வந்து எந்த ஊருன்னாரு. பினாங்குன்னதும் ஆகா எங்க அக்கா அங்கதான் இருக்கான்னாரு. அரண்மனை இன்னைக்கு மதியம் வரைக்கும் மூடிருக்கு, பிக்குகளுக்கு பூஜை, அதுக்குள்ள பெரிய நிக்கிற புத்தர பாத்துட்டு வந்துருங்கன்னு சொல்லி அவரே ஒரு துக்துக் ஆட்டோவ நிறுத்தி 20 பாட் பேசி ஏத்தி விட்டாரு. வாட் இந்தரவிகான்ல 32 மீட்டர் ஒசரத்துல புத்தர் நிக்கிறாரு, அது நெசந்தான். அங்க தற்செயலா வந்த மாதிரி இன்னொரு ஆளு, கவர்மெண்ட் கல்லு கடையில வரி இல்லாம நீலக்கல்லு விக்கிறாங்க, இன்னைக்குத்தான் கடைசி நாளு, உங்க ஊருல ரெண்டு மடங்குக்கு போகும்னான். துக்துக் நேரா அந்தக் கடைக்கே போச்சு. ஏர்கான், ஆரஞ்சு தண்ணி, பட்டுத் துணி மேல கல்லு. நான் 9,000 பாட் எண்ணி கையில வச்சிட்டேன், நம்ம காசுக்கு அப்ப 800 வெள்ளிக்கு பக்கம், எங்க கிட்ட இருந்த பணம் கிட்டத்தட்ட அத்தனையும் அதான்.

அண்ணன் ஒன்னே ஒன்னுதான் பண்ணாரு. என் கையப் புடிச்சிக்கிட்டு, 'நாளைக்கு வந்து வாங்கிக்கிறோம்னு சொல்லுடா, அவன் மூஞ்சியப் பாப்போம்'ன்னாரு. சொன்னேன். அதுவரைக்கும் சிரிச்சிக்கிட்டு இருந்தவன் மூஞ்சி கல்லு மாதிரி ஆயிருச்சு. வெளிய வந்தா துக்துக் இல்ல. வெயில்ல கேட்டு கேட்டு நடந்து அரண்மனைக்கு வந்தா வாசல் தெறந்துதான் இருக்கு, பஸ் பஸ்ஸா ஆளு உள்ள போறாங்க. பின்னாடி தெரிஞ்சிக்கிட்டோம், அங்க பல வருஷமா நடக்குற ஏமாத்து வேலை அது, மதில்கிட்ட நின்னவரு, கோயில்ல வந்தவன், துக்துக்காரன் எல்லாம் ஒரே கூட்டு, கல்லுக்கு விலை பத்துல ஒரு பங்கு கூட இருக்காது. அண்ணன் என்னைத் திட்டவே இல்ல.

காசு கட்டுன அந்த ராத்திரி 11.40-க்கு 'நாளைக்கு கட்டுறேம்மா'ன்னு நான் சொல்லிருந்தாப் போதும். சொல்லச் சொல்ற ஆளு இல்ல.

காசு கட்டி அஞ்சு வாரம் கழிச்சு பிளைட். அதுக்குள்ள போன் கொறைஞ்சு மெசேஜ் ஆச்சு, நீங்க வெப் செக்இன் பண்ண வேணாம்ணா, குரூப் புக்கிங், நாங்களே பண்ணி அனுப்புறோம்னுச்சு. மொத நாள் ராத்திரி பத்தரைக்கு நாலு போர்டிங் பாஸ் படமா வந்துச்சு. ராத்திரியோட ராத்திரியா காடி எடுத்து ஹைவேல தாப்பா ஆர்என்ஆர்ல (ஓய்வு நிறுத்தத்துல) கொஞ்சம் கண்ணசந்து, அதிகாலை கேஎல்ஐஏ 2 ஏர்போர்ட் போயி சேந்தோம். அண்ணி கலயத்த மடியிலேருந்து எறக்கவே இல்ல. மெஷின்ல காட்டுனா படிக்கல. கவுண்டர்ல நம்ம தமிழ்ப் பொண்ணுதான், மூணு தடவ தட்டிப் பாத்துட்டு மெதுவா சொல்லுச்சு, 'அங்கிள், புக்கிங் போட்டுருக்காங்க, ஆனா காசு கட்டல, மறுநாளே தானா கேன்சல் ஆயிருச்சு, அஞ்சு வாரம் ஆச்சு'ன்னு. ஏஜெண்டுக்கு அடிச்சா போன் ஆஃப். சின்னவ, 'சித்தப்பா, அப்ப அப்பாவ திரும்ப மரத்துலயே கட்டிருவமா'ன்னு கேட்டா. அங்கதான் எனக்கு அழுகை வந்துச்சு, கவுண்டர் முன்னாடியே. ஏழு வாரமா வராத அழுகை. அண்ணிதான் கலயத்த பெரியவ கிட்ட குடுத்துட்டு என் தோளப் புடிச்சு உக்கார வச்சாங்க.

போலீஸ் ரிப்போர்ட் எந்த ஸ்டேஷன்லயும் குடுக்கலாம், அங்கயே குடுத்தோம். 997-க்கும் அடிச்சேன், அது ஸ்கேம் ரெஸ்பான்ஸ் சென்டர், காசு அனுப்புன கொஞ்ச நேரத்துலயே கூப்பிட்டாத்தான் போற வழியில மடக்கிப் பாப்பாங்க, எனக்கு அஞ்சு வாரம் ஓடிப் போச்சு. உங்களுக்கு சந்தேகம் வந்த அந்த நிமிஷமே அடிங்க, வெக்கப்பட்டு தாமதிக்காதீங்க. அப்புறம் போலீஸோட செமாக் மியூல் சைட்டுல அந்த அக்கவுண்ட் நம்பர போட்டுப் பாத்தேன், ஏற்கனவே ஆறு ரிப்போர்ட். ஒரு நிமிஷ வேலை அது, போன் நம்பரும் போட்டுப் பாக்கலாம். டூர் நடத்துறவங்களுக்கு சுற்றுலா அமைச்சு, அதாவது மோட்டாக் லைசன்ஸ் கட்டாயம் வேணும், படத்த நம்பாம லைசன்ஸ்ல உள்ள கம்பெனிய மோட்டாக் பட்டியல்ல தேடி அவங்க ஆபீஸ் நம்பருக்கு நீங்களே போன் போட்டு இந்த ஆளு உங்க ஆளான்னு கேளுங்க. நான் பின்னாடி கேட்டேன், அந்த லைசன்ஸ் கம்பெனிக்கும் இந்தக் கும்பலுக்கும் சம்பந்தமே இல்ல, அவங்க பேர திருடிருக்காங்க. இந்தியா இ-விசாவுக்கு ஏஜெண்டே வேணாம், இந்திய கவர்மெண்ட் சைட்டுல நாமளே போடலாம், சைட் முகவரி gov.in-னு முடியுதான்னு மட்டும் பாத்துக்குங்க, விசா வந்துச்சான்னு அதுலயே பாக்கவும் முடியும். எங்களுக்கு வந்த நாலு விசாவும் அங்க இல்லவே இல்ல. டிக்கெட் நம்பர் வந்த அன்னைக்கே ஏர்லைன் சைட்டுல போட்டுப் பாருங்க, ஏஜெண்ட் என்ன சொன்னாலும் சரி.

உண்மையான கம்பெனி, கடை முகவரி இருக்கு, ஆனா சொன்னபடி செய்யலன்னா டிடிபிஎம்முக்கு போங்க, பயனீட்டாளர் தீர்ப்பாயம். அஞ்சு வெள்ளிதான், 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், வக்கீல் இல்லாமலே, மூணு வருஷத்துக்குள்ள. எனக்கு வழக்கு போட ஒரு முகவரி கூட கெடையாது. இன்னொன்னு, சாவு அறிவிப்புல போடுற நம்பர் வீட்டுல ரொம்ப நொந்து போயிருக்குறவங்க நம்பரா இருக்க வேணாம், ஒரு பெரியப்பா பையன், பக்கத்து வீட்டுக்காரர் யாராச்சும் எடுக்கட்டும். காசு சம்பந்தமான எதையும் அவங்க கேட்டுட்டு சொல்லட்டும். ராத்திரி நேரத்துல பேச ஆள் இல்லன்னா பிஃப்ரெண்டர்ஸ் (மனசு நொந்தவங்க பேசுறதக் கேக்குற போன் லைன்) 03-76272929, நான் ரெண்டு தடவ கூப்பிட்டேன், கேட்டாங்க, எதையும் விக்கல.

மார்ச் மாசத்துக்கு இப்ப மறுபடி டிக்கெட் போட்டுருக்கோம், இந்தத் தடவ ஏர்லைன் சைட்டுலயே நான் போட்டேன், டிக்கெட் வந்த உடனே அண்ணிக்கு நம்பர குடுத்து நீங்களே பாருங்கன்னேன். நேத்து ராத்திரி கேன்டீன்ல இருந்தேன், பத்தரைக்கு போன் அடிச்சுச்சு. அண்ணி. 'பாத்துட்டேன் தம்பி, நாலு பேர் பேரும் இருக்கு'ன்னாங்க.