மரத்துக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே ஓர் இடுக்கு: என் எழுத்து மேசை

நான் மெய்ப்புப் பார்ப்பவள். தாளும் சிவப்புப் பேனாவுமாக ஒரு நாளில் எட்டு மணி நேரம் மேசைமீது குனிந்தே கழிகிறது. அதனால் மேசை விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் அதிகம். தேக்கையும் கான்கிரீட்டையும் சேர்த்து ஒரு சிறிய பட்டறையில் கையால் செய்து தந்த இந்த மேசை வீட்டுக்கு வந்து இரண்டு வருடமும் நான்கு மாதமும் ஆகிறது. ஈரமான மாதங்களையும் வறண்ட மாதங்களையும் அது இரண்டு சுற்றுப் பார்க்கட்டும், அப்புறம் எழுதலாம் என்று காத்திருந்தேன்.

நீளம் 120 செ.மீ., அகலம் 60. நான் உட்காரும் பக்கம் 40 செ.மீ. அகலத்துக்குத் தேக்குப் பலகை. அதற்குப் பின்னால், சுவரோரமாக, 20 செ.மீ. அகலத்துக்குக் கான்கிரீட். இரண்டும் 4 செ.மீ. கனம். கால்களும் கீழ்ச்சட்டமும் தேக்கு. கான்கிரீட் துண்டு மட்டுமே 23 கிலோ; மொத்தமாக மேசை 40 கிலோவைத் தாண்டும். பெருக்கும்போது தனியாளாக நகர்த்தலாம் என்று நினைத்து யாரும் வாங்க வேண்டாம்.

படங்களைப் பார்த்த மயக்கத்தில் நான் முதலில் மேல்பலகை முழுவதையும் கான்கிரீட்டில்தான் கேட்டேன். மேசை செய்தவர் ஒப்பவில்லை. "நாள் பூரா கை வைக்கிற இடத்துல கான்கிரீட் வேண்டாங்க, மணிக்கட்டு சில்லிட்டுப் போகும்" என்றார். அவர் சொன்னது சரி. ஒரே அறையில் இரண்டும் ஒரே வெப்பத்தில் இருந்தாலும், கான்கிரீட் உடம்புச் சூட்டை மரத்தைவிடப் பல மடங்கு வேகமாக உறிஞ்சிக்கொள்கிறது. இப்போது விளக்கு, கோப்பை, மைப்புட்டி, அகராதிகள் எல்லாம் பின்னால் கான்கிரீட்டில். என் கையும் தாளும் மரத்தில். மேசை வந்த அன்றைக்கே இந்தப் பங்கீடு எனக்குப் பழகிவிட்டது.

இப்படிச் சேர்த்துச் செய்த மேசையில் இது எனக்கு இரண்டாவது. முதலாவதை வேறொருவர் செய்து தந்தார். அதில் மரத்துண்டை அச்சுக்குள் வைத்து, ஈரக் கலவையை அதன்மேலேயே ஊற்றியிருந்தார்கள். பார்க்க அவ்வளவு அழகு, ஒரு மயிரிழை இடைவெளி கிடையாது. ஐந்தாவது மாதம் மூலையில் குறுக்காக வெடித்தது. மரம் கான்கிரீட்டைத் தொட்ட ஓரமெல்லாம் கறுத்தும் போயிருந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது. ஈரக் கலவையின் தண்ணீரைக் குடித்து மரம் உப்பியிருக்கிறது; காய்ந்ததும் சுருங்கியிருக்கிறது; காற்றில் ஈரம் ஏறியபோது மறுபடி உப்பி, உள்ளிருந்து ஆப்பு அடித்த மாதிரி கான்கிரீட்டைத் தள்ளியிருக்கிறது. கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்குவதில் பத்தில் ஒரு பங்குதான் இழுவையைத் தாங்கும். மரம் தள்ளும்போது மூலையில் உண்டாவது இழுவை. கறுப்புக்குக் காரணம் சிமென்டின் காரம். புதுக் கலவையின் பி.எச். 12-க்கு மேல், துவர்ப்புச் சத்துள்ள மரங்கள் அதில் பட்டால் நிறம் மாறிவிடும்.

அதனால் இரண்டாவது மேசை வந்ததும் மேல்பக்கத்தை நான் பார்க்கவே இல்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் படுத்தேன்.

பலகையும் கான்கிரீட்டும் எங்கேயும் ஒட்டப்படவில்லை. கான்கிரீட்டைத் தனியாக வார்த்து, முழுக்கக் காய்ந்த பிறகே சேர்த்திருக்கிறார். வார்க்கும்போதே உள்ளே பதித்த திருகுக் குழல்களில் போல்ட் போட்டு அதைக் கீழ்ச்சட்டத்தோடு பிடித்திருக்கிறார். நடுவே மெல்லிய ரப்பர் வில்லைகள். மரப்பலகையின் முன்விளிம்பு இறுக்கமாகத் திருகப்பட்டிருக்கிறது. நடுவிலும் பின்னாலும் திருகு போகிற துளைகள் வட்டமாக இல்லை, பலகையின் அகலவாக்கில் நீளமாகக் குடையப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் வாஷரோடு திருகு, இறுக முறுக்காமல். பலகை நாரின் குறுக்கே விரியும்போது திருகு அந்தத் துளைக்குள் நழுவிக்கொள்ளும். நார் ஓடும் திசையில் மரம் கிட்டத்தட்ட அசையாது என்பதால் 120 செ.மீ. நீளத்தைப் பற்றிக் கவலை இல்லை, 40 செ.மீ. அகலம்தான் பிரச்சினை.

மேலே இரண்டுக்கும் நடுவில் ஓர் இடுக்கு விட்டிருக்கிறார். அது எவ்வளவு மாறுகிறது என்று தெரிந்துகொள்ள ஆசை. வீட்டிலிருந்த சீட்டுக்கட்டை எடுத்தேன். நல்ல வறட்சியான மாதத்தில் 11 சீட்டு உள்ளே போயின. ஜன்னல் கதவெல்லாம் இறுகிக்கொள்ளும் ஈரமான மாதத்தில் 6 சீட்டோடு நின்றுவிட்டது. ஒரு சீட்டு ஏறத்தாழ 0.3 மி.மீ. என்றால், பலகை ஒன்றரை மி.மீ. நடந்திருக்கிறது. தேக்கு அதிகம் அசையாத மரம் என்று பெயரெடுத்தது, அதுவே இவ்வளவு. என் பழைய மேசையில் இந்த ஒன்றரை மி.மீ.க்குப் போக்கிடம் இல்லை.

இதில் ஒரு குறை உண்டு. அழிப்பான் தூள் முழுக்க அந்த இடுக்கில் போய் உட்காருகிறது. குண்டூசி விழுந்தால் நேரே தரைதான். பலகையின் பின்விளிம்பை இறுக்கி முன்விளிம்பை அசையவிட்டிருந்தால் இடுக்கை இன்னும் ஒடுக்கமாக வைத்திருக்கலாமே என்று கேட்டேன். அப்படிச் செய்தால் முன்விளிம்பு காலின் முகத்தோடு ஒரு மாதம் சேரும், ஒரு மாதம் நீட்டிக்கொண்டு நிற்கும் என்றார். விரலால் தடவிப் பார்க்கிறேன். முன்னால் காலும் பலகையும் ஒரே பரப்பாக ஓடுகின்றன. சரி, வாரம் ஒருமுறை தூரிகையால் துடைத்துவிடுகிறேன்.

கான்கிரீட் முகம் நான் எதிர்பார்த்ததைவிட மென்மை. மேசையில் மேலே தெரிவது, வார்க்கும்போது அச்சின் அடியில் இருந்த பக்கம். வழவழப்பான மெலமைன் பலகையில் அச்சு செய்து, மூலைகளில் சிலிகோன் பசையை விரலால் இழுத்துவிட்டால், கவிழ்த்து எடுக்கும்போது விளிம்பு வளைந்து வரும். ஊசி முனையளவு குமிழித் துளைகள் இருபதுக்கு மேல் எண்ணினேன். அதிர்வு கொடுத்தும் வெளியேறாத காற்று அது. பேனா முனையைவிடப் பெரியவற்றை மட்டும் சிமென்ட் பசையால் அடைத்து, மற்றதை அப்படியே விட்டிருக்கிறார். எனக்கு அது பிடித்திருக்கிறது. வார்த்த பிறகு ஒரு வாரம் ஈரத்துணி போர்த்தி நீராற்றினாராம், 28 நாள் கழித்துத்தான் மேற்பூச்சு. ஆர்டர் கொடுத்து ஏழு வாரம் காத்திருந்தேன். பத்து நாளில் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கான்கிரீட் எப்போது வார்த்தது என்று கேளுங்கள்.

கறை விஷயத்தில் என் அனுபவம் நல்லது கெட்டது இரண்டும். மை சிந்தினால் உடனே துடைத்தால் போகிறது. ஆனால் புளிப்பு கூடாது. ஒருநாள் பழச்சாறு சிந்தியதை ஒரு மணி நேரம் கழித்துத்தான் கவனித்தேன். நாணய அளவில் வெளுத்து, தொட்டால் சொரசொரப்பாக ஒரு வட்டம். அது கறையே அல்ல. அமிலம் சிமென்டின் சுண்ணாம்பைக் கரைத்துவிட்ட இடம். துணியால் தேய்த்துப் பயனில்லை. கான்கிரீட்டுக்குள் ஊறும் சீலர் என்ற பூச்சு தண்ணீரைத் தடுக்கும், அமிலத்தைத் தடுக்காது. இதை மேசை செய்தவர் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். பராமரிப்புத் தாள் என்று ஒன்றும் தரவில்லை. அவர்மேல் எனக்குள்ள உண்மையான வருத்தம் இது ஒன்றுதான்.

மரத்துக்கு வருடம் ஒருமுறை ஆளிவிதை எண்ணெய், கான்கிரீட்டுக்கு மெழுகு. மொத்தம் ஒரு காலை வேலை. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. வெளியே விரித்துக் காயப்போட்டு, அப்புறம் தூக்கி எறியுங்கள்.

எடையைக் குறைக்க முடியாதா என்று கேட்பவர்களுக்கு: முடியும். கண்ணாடி நார் கலந்தால் கான்கிரீட்டைப் பாதித் தடிமனிலேயே வார்க்கலாம். சாதாரணக் கண்ணாடி நாரைச் சிமென்டின் காரம் அரித்துவிடும்; சிர்கோனியா சேர்ந்த, காரத்தைத் தாங்கும் நார் வேண்டும். நார் சேர்ந்தால் சிமென்ட் எவ்வளவு மெல்லியதாக நிற்கும் என்பதற்கு, ஸ்விட்சர்லாந்தின் வில்லி கூல் 1954-இல் வடிவமைத்த வளைய நாற்காலி பழைய சாட்சி. ஒரே தகட்டை நாடா மாதிரி வளைத்தது. அன்றைக்கு அதில் இருந்தது ஆஸ்பெஸ்டாஸ் நார், இன்றைக்கு அது வேண்டாம்.

அதே பட்டறையில் மேசைக்குப் பொருத்தமாக ஒரு பெஞ்சு சொல்லியிருக்கிறேன். உட்காரும் இடம் தேக்கு, இரண்டு பக்கக் கால்களும் கான்கிரீட். இந்த முறை கண்ணாடி நார் கலந்து 2 செ.மீ. கனத்தில் வார்த்துத் தருகிறேன் என்றிருக்கிறார். திருகுத் துளைகளை மேசையில் போலவே நீளமாகக் குடையச் சொன்னேன். புளிப்புப் பற்றி ஒரு தாளில் எழுதித் தரவும் சொல்லியிருக்கிறேன். அதன் மெய்ப்பை நானே பார்த்துக் கொடுப்பதாகப் பேச்சு.