ஏழு வருடமாக என் விரலில்: பாதி நீலம், பாதி மஞ்சள்

2017 ஆவணியில் பேருவளை சீனன்கோட்டை இரத்தினக்கல் சந்தையில் இந்த இருநிற நீலக்கல்லை வாங்கினேன். எடை 3.1 கரட், நிறத்தைக் கூட்டச் சூடாக்காத இலங்கைக் கல். நீளம் 10 மில்லிமீட்டர், அகலம் 6க்குக் கொஞ்சம் மேல். ஒரு முனை நல்ல நீலம், மறுமுனை வெளிர் மஞ்சள், நடுவில் நிறம் மாறும் கோடு. அன்றிலிருந்து கிட்டத்தட்ட தினமும் போடுகிறேன். நடுவில் ஒரு முறை மோதிரத்தை முழுதாகக் கழற்றி வேறு மாதிரி செய்ய வேண்டி வந்தது. கல்லில் குறை ஒன்றும் இல்லை. அந்தக் கோட்டை யோசிக்காமல் நகையைச் செய்ததுதான் காரணம்.

நான் போனது ஒரே நிற நீலம் வாங்கத்தான். கையில் இருந்த காசுக்குப் பெரிதாக ஒன்றும் அமையவில்லை. கல் வியாபாரி நானா வேறொரு கடதாசிப் பொட்டலத்தைப் பிரித்து, "இதையும் பாருங்க தங்கச்சி, ஆனா லைட்டுக்குக் கீழ பாக்க வேணாம்" என்று சொல்லி வாசல் பக்கம் அனுப்பினார். வெயில் நேரே விழாத பகல் வெளிச்சத்தில், உள்ளங்கையில் வைத்துத்தான் முதலில் பார்த்தேன். இதே அளவு நல்ல நீலத்தைவிட விலை நன்றாகக் குறைவு. அதனால் எனக்கு எட்டியது என்பதும் உண்மை.

இரண்டு நிறமும் ஒரே கல்லில் எப்படி வந்தது என்று பலர் சந்தேகத்தோடு கேட்கிறார்கள். நீலம், மஞ்சள் கல்லான புஷ்பராகம், சிவப்பு மாணிக்கம் எல்லாம் ஒரே கனிமம், குருந்தம். ஆங்கிலத்தில் அதற்குள்ள corundum என்ற பெயரே இந்தத் தமிழ்ச் சொல்லில் இருந்து போனதுதான். சுத்தமான குருந்தத்துக்கு நிறம் கிடையாது. அதற்குள் இரும்பும் டைட்டானியமும் சேர்ந்து அகப்பட்டால் நீலம். டைட்டானியம் கிடைக்காத கட்டத்தில் வளர்ந்த பகுதி மஞ்சளாகலாம். பளிங்கு, அதாவது படிகம், மண்ணுக்கடியில் வளர்ந்துகொண்டிருக்கும்போது சுற்றி இருந்த சரக்கு மாறிப்போனதன் அடையாளம்தான் அந்தக் கோடு.

அதனால்தான் இயற்கைக் கல்லில் நிறப் பட்டைகள் நேராக, அல்லது பளிங்கின் முகங்களைப் போலக் கோணமாக இருக்கும். வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிக் கல்லைப் போட்டு, பக்கவாட்டில் இருந்து பாருங்கள். மேல்பக்க மினுக்கம் அடங்கி, நிறம் எங்கே நிற்கிறது என்று தெளிவாகத் தெரியும். வளர்ச்சிக் கோடுகள் வளைந்து போனால், அது சுடரில் உருக்கிச் செய்த செயற்கைக் கல்லாக இருக்கலாம். இரண்டு துண்டை ஒட்டிய கல்லானால் ஒட்டிய தளமும், சில நேரம் அதில் தட்டையான காற்றுக் குமிழும் தெரியும். வீட்டில் இவ்வளவுதான் முடியும். சூடாக்கியதா இல்லையா என்பதை ஆய்வுகூடம்தான் சொல்ல வேண்டும். அறிக்கை கைக்கு வந்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுத்தேன்.

சரி, முதல் மோதிரம். கொழும்பில் ஒரு கடையில் கொடுத்தேன். 22 கரட் மஞ்சள் தங்கம், அடி மூடிய குளோஸ் செட்டிங், கல்லைச் சுற்றிச் சின்ன வைரங்கள், கல் விரலுக்குக் குறுக்கே. படத்தில் அழகாகத்தான் இருந்தது. போட்டுப் பார்த்தபோது நீலப் பாதி அழுக்குப் பச்சையாகத் தெரிந்தது. மூடிய தங்கக் கிண்ணத்தின் மஞ்சள் கல்லுக்குள் ஏறியிருந்தது. அதைவிட என்னை வருத்தியது வேறு. கல்லைப் பிடிக்கும் தங்க நகங்கள் ஆறு. நாலு மூலைக்கு நாலு, மற்ற இரண்டும் நீளப் பக்கங்களின் நடுவில், சரியாக நிறம் மாறும் இடத்தின் மேல். எதைப் பார்த்து வாங்கினேனோ, அதன் இரண்டு முனையையும் மூடிவிட்டார்கள். ஒரே நிறக் கல்லுக்கு அந்த அமைப்பில் தப்பே கிடையாது. அதே அச்சை எடுத்து இதற்கும் போட்டதுதான் தவறு. இரண்டு வருடம் அப்படியே போட்டேன்.

2019இல் செட்டியார் தெருவில் ஒரு நகை ஆசாரியிடம் கொண்டு போனேன். அவர் முதலில் கல்லைக் கழற்றித் துடைத்து, ஒரு வெறும் வளையத்தில் மெழுகால் ஒட்டிக் கையில் தந்தார். "ஒரு கிழமை வீட்டில வச்சுப் பாருங்கோ பிள்ளை. எந்தப் பக்கம் எப்படி இருக்குது எண்டு நீங்களே சொல்லுவியள்" என்றார். இந்த ஒரு கிழமைதான் எனக்கு எல்லாவற்றையும் கற்றுத்தந்தது.

கல்லுக்குள் போகும் ஒளி அப்படியே திரும்புவதில்லை. அடியில் தீட்டிய ஒரு முகத்தில் பட்டு, எதிர்முகத்துக்குப் போய், அங்கிருந்து மேலே வரும். வட்டமாகப் பட்டை தீட்டிய கல்லில் நீலப் பாதியில் புகுந்த ஒளி மஞ்சள் பாதி வழியாக வந்துவிடும். இரண்டும் கலந்து பச்சை தட்டும். என் கல் நீள்சதுரமாக, படிப்படியாக வெட்டிய எமரால்ட் கட். ஒளி பெரும்பாலும் அகலவாக்கில் போய் அகலவாக்கிலேயே திரும்புகிறது. நிறங்கள் நீளவாக்கில் பிரிந்திருக்கின்றன. அதனால் அவை தனித்தனியே நிற்கின்றன, கோட்டருகே மட்டும் மெல்லிய பச்சை. கல் வாங்கும்போது இந்த வெட்டைப் பாருங்கள். வடிவம் பிடித்துப்போய் வட்டக் கல்லை வாங்கினால் இரண்டு நிறத்துக்காகக் கொடுத்த காசு வீண்.

ஒட்டிப் பார்த்ததில் விரலின் நீளத்தோடு வைப்பதே சரியாக இருந்தது, மஞ்சள் முனை மணிக்கட்டுப் பக்கம். நாம் குனிந்து பார்க்கும்போது நம் தலையின் நிழல் கல்லின் கிட்டிய முனையில் விழுகிறது. அங்கே நீலம் இருந்தால் கறுத்துப்போகிறது, மஞ்சள் தாங்குகிறது. அப்புறம், கல்லைத் தாங்கும் கிண்ணம் 18 கரட் வெள்ளைத் தங்கத்தில், அடி திறந்து. வளையம் மஞ்சள் தங்கம். நகம் வேண்டாம் என்று கல்லைச் சுற்றி மெல்லிய விளிம்பு எழுப்பி, கோடு தொடும் இரண்டு இடத்திலும் அதை இன்னும் இழைத்துத் தாழ்த்தினார். வைரங்களை எடுத்துவிட்டோம். அவற்றின் வெள்ளை மினுக்கம் கண்ணை இழுத்துக்கொண்டே இருந்தது. அதில் ஒன்று இப்போது தங்கையின் மூக்குத்தி.

அவர் வலியுறுத்திய ஒன்றை எல்லாருக்கும் சொல்வேன். பற்றவைக்கும் வேலை எதுவானாலும் கல்லைக் கழற்றிய பிறகுதான். பற்றவைக்கப் பூசும் வெங்காரம் சூட்டில் பட்டால் கல்லின் மேற்பரப்பே அரிபடும். சில மஞ்சள் கற்களின் நிறமும் சூட்டில் குறையக்கூடும். போன வருடம் அளவு பெருப்பிக்கக் கொடுத்த இடத்தில், கல்லோடேயே செய்து தருகிறோம் என்றார்கள். மோதிரத்தைக் கொடுக்காமல் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

தினசரிப் பாவனையில் கல் என்னை ஏமாற்றவில்லை. கடினத்தன்மை மோஸ் அளவில் 10க்கு 9; அந்த அளவில் அதற்கு மேல் வைரம் மட்டும்தான். பூதக்கண்ணாடியில் பார்த்தாலும் கீறல் இல்லை. வைர நகையோடு ஒரே பெட்டியில் மட்டும் போடுவதில்லை. சில மஞ்சள் கற்கள் வெயிலில் வெளிறும் என்று கேள்விப்பட்டு, ஆண்டுதோறும் அதே சன்னலருகே படம் எடுத்து ஒப்பிட்டேன். என் கல்லில் மாற்றம் தெரியவில்லை. தொல்லை எண்ணெயும் கிரீமும்தான். அடியில் மெல்லிய படலம் பிடித்தாலே நீலப் பாதி செத்துப்போகும். இளஞ்சூட்டுத் தண்ணீர், கொஞ்சம் சவர்க்காரம், மெதுவான பல்துலக்கி. வாரம் ஒரு முறை, இரண்டு நிமிடம். அடி திறந்திருப்பதால் உள்ளேயும் எட்டுகிறது.

வெளிச்சத்துக்கு வெளிச்சம் கல் மாறும். வெள்ளை எல்.ஈ.டி.யில் நீலம் எழும்பும், மஞ்சள் அடங்கும். 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்குப் 13 மணி நேரம் கரண்ட் போனபோது மெழுகுதிரி வெளிச்சத்தில் பல இரவு இருந்தோம். நீலப் பாதி முழுக்க இருண்டு, மஞ்சள் முனை மட்டும் திரிபோல நின்றது. அந்தக் கஷ்ட காலத்தில் இதை விற்கச் சொன்னவர்கள் உண்டு. மனம் வரவில்லை.

அம்மாவுக்குத் தொடக்கத்தில் பயம். "நீலம் எல்லாருக்கும் ஒத்துவராது பிள்ளை" என்றார். நீலம் சனிக்கு, புஷ்பராகம் குருவுக்கு. இரண்டும் ஒரே கல்லில் என்றால் என்ன கணக்கு? இந்தியாவில் இதற்குப் பீதாம்பரி நீலம் என்று பெயரே உண்டு, விரும்பிப் போடுகிறார்கள் என்று நானா சொன்ன பிறகுதான் அம்மா சமாதானமானார். நான் ராசிக்காகப் போடவில்லை. ஆனால் அம்மாவின் மனம் ஆறியது எனக்கு முக்கியம்.

தங்கைக்குத் தோடு செய்ய இதேபோல ஒரு சோடி தேடினோம், ஒன்றரை வருடம். இருநிறக் கல்லில் சோடி சேர்ப்பது மிகக் கடினம். நிறம், கோட்டின் இடம், அளவு மூன்றும் ஒத்துவர வேண்டும். கடைசியில் ஒரே மூலக்கல்லில் வெட்டிய இரண்டு துண்டு கிடைத்தது. ஒன்றில் நீலம் பாதிக்கு மேல், மற்றதில் மஞ்சள். ஆசாரி ஒன்றை நீலம் கீழாகவும் மற்றதை நீலம் மேலாகவும் தொங்கவிட்டார். வித்தியாசத்தை மறைக்கப் பார்க்காமல் அதையே அமைப்பாக்கினார்.

மோதிரத்தில் இப்போது மஞ்சள் முனைப் பக்கம் ஒரு மூலையில் விளிம்பு தேய்ந்திருக்கிறது. மேசையில் தட்டுப்படுகிற மூலை அதுதான். கல் ஆடவில்லை. தைப்பொங்கல் கழிந்து கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் ஆசாரி, நெருப்பில்லாமல் அழுத்தியே சரிசெய்யலாமாம்.