10.5 அங்குல ஏஆர்-15: பேரல் குட்டையானால் குறி கெடுமா?

குட்டை பேரல் ரைஃபிள் என்றாலே முதலில் வரும் கேள்வி, 'குறி நிக்குமா?' என்பதுதான். டெக்சாஸில் ஒரு திறந்தவெளி ரேஞ்சில், 10.5 அங்குல பேரல் உள்ள ஏஆர்-15 ரைஃபிள் ஒன்றைப் பல வருடங்களாகக் காகிதத்திலும் இரும்புத் தகட்டிலும் சுட்டு வருகிறேன். நிற்கும் என்பதுதான் என் பதில். நீளம் குறைவதால் போவது தோட்டாவின் வேகம். குறி அப்படியேதான் இருக்கிறது.

காரணம் எளிமையானது. தோட்டா ஓடும்போது பேரல் அதிர்கிறது. ஒரே பருமனுள்ள இரண்டு பேரல்களில் நீளமானதுதான் அதிகம் ஆடும், குட்டையானது விறைப்பாக நிற்கும். தோட்டா உட்காரும் அறையும், பேரலின் உட்சுவரில் தோட்டாவைச் சுழலவைக்கும் சுருள் பள்ளங்களான ரைஃப்ளிங்கும் சுத்தமாக வெட்டப்பட்டு, வாய்முனை சேதமில்லாமல் இருந்தால், அந்த விறைப்பு நமக்குச் சாதகம். பேரலைச் சுற்றியுள்ள கைப்பிடி உறை அதைத் தொடாமல் இருப்பதும் முக்கியம். தொட்டால், நாம் முன்னால் கொடுக்கும் அழுத்தமெல்லாம் பேரலுக்குப் போய் தோட்டா விழும் இடம் நகர்ந்துவிடும்.

என்னுடைய பேரலில் ரைஃப்ளிங் 7 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 100 கஜத்தில், மணல் மூட்டை மேல் வைத்துச் சுட்டால், விலை மலிந்த 55 கிரெய்ன் (தோட்டாவின் எடை அளவு) எஃப்எம்ஜே, அதாவது முழு உலோக உறை போட்ட தோட்டாக்கள் 3 அங்குலத்துக்குள் நின்றாலே நல்ல நாள். அதே துப்பாக்கியில், அதே இருக்கையில், 77 கிரெய்ன் ஓடிஎம், அதாவது போட்டிக்கான திறந்த முனைத் தோட்டா போட்டால் ஒன்றரை அங்குலத்தைச் சுற்றியே விழுகிறது. அதாவது பாதிக்குப் பாதி வித்தியாசம் தோட்டாவிலிருந்தே வருகிறது. இதெல்லாம் 10 தோட்டா குரூப் கணக்கு, அதாவது பத்தும் விழுந்த பரப்பின் அகலம். மூன்றே தோட்டா சுட்டு, அழகான முக்கோணத்தைப் படம் எடுத்து, 'ஒரு அங்குலத் துப்பாக்கி' என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. மூன்று தோட்டா எந்தத் துப்பாக்கியிலும் எப்போதாவது ஒட்டி விழும்.

சரி, வேகத்துக்கு வருவோம். 20 அங்குல எம்16 பேரலில் 55 கிரெய்ன் தோட்டா வினாடிக்கு 3,200 அடிக்கு மேல் போகும். வேகம் அளக்கும் என் குரோனோகிராஃபில் வருவது 2,700க்குப் பக்கம். மருந்து முழுக்க எரிந்து தள்ளுவதற்குள் தோட்டா வெளியே வந்துவிடுகிறது. குறி பார்க்கும் கண்ணாடியான ரெட் டாட்டை 50 கஜத்தில் ஜீரோ செய்தால், அதாவது அதன் சிவப்புப் புள்ளி காட்டும் இடத்திலேயே தோட்டா விழும்படி வைத்தால், 100 கஜத்தில் ஓர் அங்குலம் மேலே, 200 கஜத்தில் இரண்டு அங்குலம்போலக் கீழே. அதுவரை நடுவில் பிடித்துச் சுட்டால் தகட்டில் மணி அடிக்கும். 300 கஜம் தாண்டினால் இறக்கம் சரசரவென்று கூடுகிறது, காற்று தள்ளுவதும் கூடுகிறது. குரூப் கெட்டுப்போகவில்லை, நம்முடைய கணிப்புக்கு இருக்கும் இடம்தான் குறைகிறது. தூரத்தைக் கொஞ்சம் தப்பாகக் கணித்தாலும் தோட்டா தகட்டுக்குக் கீழே மண்ணைக் கிளப்பும். மிகக் கிட்டத்திலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரெட் டாட் பேரலுக்கு இரண்டரை அங்குலத்துக்கும் மேல் உயரத்தில் இருப்பதால், 10 கஜத்தில் பிடித்த இடத்துக்கு இரண்டு அங்குலம் கீழேதான் துளை விழும். இது எந்த ஏஆருக்கும் பொருந்தும்.

இத்தனைக்குப் பிறகும் பலர் குட்டை பேரலில் மோசமாகச் சுடுகிறார்களே, ஏன்? சத்தம். தகரக் கூரைக்கு அடியில் இந்தத் துப்பாக்கி வெடிக்கும்போது மேசைத் தூசி எழும்பி முகத்தில் படும், நெஞ்சில் ஒரு தட்டு விழும். மாலை வெளிச்சத்தில் பேரலின் வாய்முனையில் நெருப்புப் பந்தே தெரியும். 20 அங்குல ரைஃபிளில் பிரமாதமாகச் சுடும் நண்பர் ஒருவர் என்னுடையதை வாங்கிச் சுட்டார். வழக்கமாக அவர் போடும் குரூப் இரண்டு மடங்காக விரிந்தது. "இது சுடலைங்க, அறையுது" என்றார். அவருக்குத் தெரியாமல் மேகசினில் வெடிக்காத ஒரு டம்மி தோட்டாவைக் கலந்து கொடுத்தேன். விசை 'டக்' என்றது, வெடிக்கவில்லை, ஆனால் துப்பாக்கியின் மூக்கு மட்டும் நன்றாகக் கீழே குனிந்தது. சத்தத்தை எதிர்பார்த்து அவர் கை முன்கூட்டியே அழுத்துகிறது. அவருக்கும் அது தெரிந்தது. அப்புறம் வாய்முனையில் சத்தத்தைக் குறைக்கும் சப்ரஸரை மாட்டிக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் அவர் பழைய குரூப்புக்குத் திரும்பிவிட்டார்.

சப்ரஸர் மாட்டினால் தோட்டா விழும் இடம் மாறும் என்பதை மறக்கக் கூடாது. எனக்கு 100 கஜத்தில் ஏறக்குறைய ஓர் அங்குலம் கீழே போகிறது. ஒவ்வொரு முறையும் அதே அளவு போவதால், மாட்டிய நிலையிலேயே ஜீரோ செய்து வைத்திருக்கிறேன். அடுத்தபடியாகப் பணம் போடத் தகுந்தது விசை. ராணுவத் தர விசையின் கனமும் கரகரப்பும் இவ்வளவு லேசான துப்பாக்கியை அசைத்துவிடும். இரண்டு கட்ட விசை ஒன்றை மாற்றிய அன்றே வித்தியாசம் காகிதத்தில் தெரிந்தது.

அமெரிக்கச் சட்டத்தில் 16 அங்குலத்துக்குக் குறைந்த பேரல் உள்ள ரைஃபிள், 1934ஆம் ஆண்டின் என்எஃப்ஏ (தேசியத் துப்பாக்கிச் சட்டம்) கீழ் வருகிறது. 200 டாலர் வரி 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யம் ஆகிவிட்டது. ஆனால் கைரேகை, பதிவு, துப்பாக்கிகளைக் கவனிக்கும் மத்திய அமைப்பான ஏடிஎஃப்பின் அனுமதி எல்லாம் அப்படியே இருக்கின்றன. வேறு மாநிலத்துக்கு எடுத்துப்போகவும் முன் அனுமதி வேண்டும். தடை செய்யும் மாநிலங்களும் உண்டு.

தேய்மானத்தில் குட்டை பேரல் கொஞ்சம் செலவு வைக்கும். வெடித்த வாயுவைத் திருப்பித் துப்பாக்கியை இயக்கும் கேஸ் துளை அறைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அழுத்தம் அதிகம், துளை மெல்ல அரித்துப் பெரிதாகும், அறையை மூடித் திறக்கும் போல்ட் வேகமாக அடிக்கும். போல்ட்டின் பின்னடியைத் தாங்கும் பஃபரைக் கனமானதாகப் போட்டதும் என்னுடையது சாந்தமானது. காலி ரவைக்கூட்டை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் ஸ்பிரிங்கை மட்டும் தள்ளிப்போடாமல் மாற்றுகிறேன். அதே 77 கிரெய்ன் தோட்டாவில் குரூப் இன்னும் விரியவில்லை.

இன்று புதிதாக வாங்குவதானால் 11.5 அங்குலம் எடுப்பேன். கேஸ் துளைக்குப் பின் கிடைக்கும் அந்த ஓர் அங்குலம் இயக்கத்தைச் சீராக்குகிறது, சத்தமும் சற்று அடங்குகிறது. வேலையெல்லாம் 300 கஜத்துக்கு அப்பால்தான் என்பவர்கள் 16 அல்லது 18 அங்குலத்துக்குப் போவது நல்லது.