வான்கோழிக் குஞ்சுக்கு ஆன்லைன்ல முன்பணம் போடாதீங்க, ரூ.18,000 போச்சு

கிறிஸ்துமஸ் விற்பனைக்குன்னு இப்போ வான்கோழிக் குஞ்சு தேடுறவங்க இதைப் படிச்சுட்டு அப்புறம் பணம் போடுங்க. புதுசா ஆரம்பிக்கிறவங்க எந்த இனம் எடுக்கலாம்னு கடைசியில சொல்றேன். முதல்ல ரூ.18,000 போன விதத்தைச் சொல்லிடறேன்.

பழைய பொருள் வாங்கி விக்கிற ஆப்ல வந்த விளம்பரம் அது. பிராட் பிரெஸ்டட் ப்ரோன்ஸ் (மார்பு கனமான வான்கோழி இனம்), ஒரு மாசக் குஞ்சு, ப்ரூடிங் (சூடு குடுத்து வளர்க்கிறது) முடிஞ்சது, அம்மைத் தடுப்பூசி போட்டது, ஒண்ணு ரூ.450. 40 குஞ்சு, மொத்தம் ரூ.18,000. முழுப் பணமும் முன்னாடியே வேணுமாம்.

நம்ப வெச்சது விளம்பரம் போட்டவனோட பதில்கள்தான். கேட்ட எல்லாத்துக்கும் சரியாவே சொன்னான். முதல் மாசத் தீவனத்துல 28 சதவீதம் புரதம் இருக்கணும், கறிக்கோழிக் குஞ்சுக்குப் போடுற பிராய்லர் ஸ்டார்ட்டர் தீவனம் பத்தாது. முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு குடுத்து, வாரத்துக்கு 5 டிகிரியா குறைக்கணும். வான்கோழிக் குஞ்சுங்க நிறைய தானா தீனி எடுக்காம பட்டினியிலயே செத்துடும், அதனால முதல் 15 நாள் ஒரு லிட்டர் தண்ணியில 100 மில்லி பால் கலந்து குடுத்து, 10 குஞ்சுக்கு ஒரு அவிச்ச முட்டை ஊட்டணும். கால்நடைப் பல்கலைக்கழகக் கையேட்டுல இருக்கிற அதே கணக்கு. பண்ணைக்காரன் இல்லாம இதெல்லாம் யாருக்குத் தெரியும்? வீடியோ கால்ல கொட்டகையையும் காட்டினான். இறகு முளைச்ச, நிமிர்ந்து நடக்கிற குஞ்சுங்க. அஞ்சு மாசத்துல நாங்களே கிலோ கணக்குல திருப்பி எடுத்துக்கறோம்ணேன்னு வேற சொன்னான். ஜிபேல ரூ.18,000 போயிடுச்சு.

ஆம்னி பஸ் பார்சல்ல தக்காளி கிரேட்ல வந்துச்சு. மூணு குஞ்சு அடியில நசுங்கிச் செத்துக் கிடந்துச்சு. மிச்சம் எதுவும் ஒரு மாசக் குஞ்சே இல்ல. ஒரு மாசம் ஆனா முதுகு, தோள் எல்லாம் இறகு மூடியிருக்கணும். இதுங்களுக்கு இறக்கையில மட்டும்தான் இறகு, முதுகு முழுக்கப் பஞ்சு. வயசு பத்து நாள் இருந்தா பெருசு. பஞ்சு இருந்ததால இனமும் தெரிஞ்சுபோச்சு. ப்ரோன்ஸ் குஞ்சு பழுப்பா, முதுகுல கருங்கோடோட இருக்கும். வந்ததுல பாதிக்கு மேல கருப்பு முதுகு, வெளிறின மஞ்சள் முகம். சாதாரண நாட்டுக் கருப்பு. அம்மை ஊசியை இறக்கைச் சவ்வுல குத்துவாங்க, அங்க பொருக்கோ தழும்போ தெரியும். ஒரு குஞ்சுலயும் இல்ல.

அந்த வயசுக் குஞ்சை ராத்திரி முழுக்கச் சூடில்லாம அனுப்பினா என்ன ஆகும்? பல்பு போட்டு, பாலும் முட்டையும் ஊட்டியும் குவியலா ஒண்டிக்கிட்டு ஒண்ணொண்ணா செத்துச்சு. தப்பிச்சதுங்க அடுத்த வாரமே இறக்கையைத் தொங்கப்போட்டு, கந்தகம் மாதிரி மஞ்சளாக் கழிய ஆரம்பிச்சுது. கால்நடை மருத்துவமனையில அறுத்துப் பார்த்தா ஈரல் முழுக்க வட்டவட்டமா, நடுவுல குழி விழுந்த புள்ளிங்க. குருட்டுக்குடல் தடிச்சு, உள்ள பாலாடைக்கட்டி மாதிரி அடைச்சிருக்கு. பிளாக்ஹெட்னு ஒரு கிருமி நோய். நாட்டுக்கோழிக்குப் பெரிசா ஒண்ணும் செய்யாது, அந்தக் கோழியோட குருட்டுக்குடல் புழு முட்டைக்குள்ள இருந்துக்கிட்டு வந்து வான்கோழியைக் கூட்டத்தோட முடிச்சுடும். அவன் கோழியையும் வான்கோழியையும் ஒரே இடத்துல போட்டு வெச்சிருக்கான், வேற வழியே இல்ல.

அப்புறம் போன் பேசின லட்சணத்தைக் கேளுங்க. முதல்ல, "பயணக் களைப்புண்ணே, குளுக்கோஸ் தண்ணி வைங்க." வயசு பத்திக் கேட்டா, "தீனி கம்மியானா அப்படித்தான் சின்னதா தெரியும்." அறுத்த போட்டோ அனுப்பினா, "அது உங்க மண்ணுல இருந்த நோய்." புதுசாப் போட்ட சிமென்ட் தரை, புது உமி, அந்த இடத்துல இதுவரைக்கும் ஒரு கோழி நடந்ததில்ல, எந்த மண்ணு? பாதிப் பணமாவது திருப்பிக் குடுன்னா, "ஓனர் வெளியூர் போயிருக்காரு." அதுவரைக்கும் அவன்தான் ஓனர்! அப்புறம் பிளாக் பண்ணிட்டான். ஆப்காரங்க கிட்ட புகார் பண்ணினா, "இது வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையிலான விஷயம்"னு ஒரே வரி. அதே விளம்பரம் இப்போ வேற நம்பர்ல ஓடுது. ரூ.18,000 வாங்கினவன் இன்னும் எத்தனை பேர்கிட்ட வாங்குவானோ, அதுதான் வயித்தெரிச்சல்.

இனம் பத்திச் சொல்றேன்னேன். விரிவா எழுத இப்போ மனசு இல்ல. புதுசா ஆரம்பிக்கிறவங்க பிராட் பிரெஸ்டட் இனம் பக்கம் போகாதீங்க. மார்பு கனத்தால தானா இணை சேர முடியாது, செயற்கை முறை கருவூட்டல் பண்ணித்தான் குஞ்சு எடுக்கணும். நந்தனம்-1 எடுங்க. நாட்டுக் கருப்பையும் பெல்ட்ஸ்வில் ஸ்மால் ஒயிட்ங்கிற வெளிநாட்டு வெள்ளை இனத்தையும் கலந்து சென்னை நந்தனத்துல உருவாக்கினது, நம்ம வெயில் தாங்கும். அரசு, பல்கலைக்கழகப் பண்ணைகள்ல முன்பதிவு பண்ணி, நேர்ல போய் எடுங்க.

ஒரு மாசக் குஞ்சுல பெட்டை சேவல் பிரிச்சுத் தரேன்னு எவனாவது சொன்னா போனை வெச்சுடுங்க, அந்த வயசுல பார்த்துச் சொல்ல முடியாது. விக்கிற இடத்துல கோழி மேயுதான்னு பாருங்க, மேஞ்சா திரும்பி வந்துடுங்க. "திருப்பி எடுத்துக்கறோம்"ங்கிற பேச்சை எழுதித் தராம நம்பாதீங்க. பணம் போயிடுச்சுன்னா அவனோட பேச்சுவார்த்தை நடத்திக்கிட்டு இருக்காம அன்னைக்கே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடிங்க, நாள் தள்ளினா அக்கவுண்ட்ல இருந்து எடுத்துடுவானுங்க.