பழைய சி10 பிக்கப் கேபின்: துருப்பிடித்த மூட்டுக்கு சீலரா, பசையா, வெல்டிங்கா?

1967 முதல் 1972 வரை வந்த செவர்லே சி10 பிக்கப்பைப் புதுப்பிக்க இறங்குபவர்களை அதிகம் படுத்துவது கேபினின் மூட்டுகள்தான். கூரையோரம் மழைநீர் வடியும் பள்ளம், கதவுக்குக் கீழே ராக்கர் பேனல், கதவுக்குப் பின்னால் கேபினின் கீழ்மூலை. தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, புள்ளி புள்ளியாகப் பற்றவைக்கும் ஸ்பாட் வெல்டிங் அடித்திருப்பார்கள். நடுவில் உள்ள இடுக்கில் பெயிண்ட் சரியாக ஏறியிருக்காது, தண்ணீர் மட்டும் ஏறும்.

எல்லாரும் முதலில் போவது இடுக்கை அடைக்கும் களிம்பான சீலருக்குத்தான். பழையதைச் சுரண்டி, பாஸ்பாரிக் அமிலம் தடவி, எபாக்ஸி பிரைமர் அடித்து, மேலே புது சீலர். தகடு திடமாக இருந்தால் இதுவே போதும், வீணாக வெட்ட வேண்டாம். ஆனால் ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். சீலர் பட்டையாகப் பெயர்ந்து, அடியிலிருந்து பழுப்புப் பொடியும் செதிலும் கொட்டினால் கதை வேறு. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், இரண்டு தகட்டையும் உள்ளிருந்தே நெம்பிப் பிரித்துவிடும். அப்படி வீங்கிய மூட்டின்மேல் சீலர் போட்டால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகத்தான் ஆகும். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் இன்னும் மோசம். அதிலிருந்து வரும் அசிட்டிக் அமிலமே துருவைக் கூட்டும், பெயிண்டும் ஒட்டாது.

சரி, அப்படி வீங்கிய மூட்டை வெட்டி எடுத்தாகிவிட்டது. புதுத் தகட்டைச் சேர்ப்பது வயரை உருக்கிப் பற்றவைக்கும் மிக் (MIG) வெல்டிங்கிலா, எபாக்ஸி பேனல் பசையிலா?

கூரையோரத்துக்கு என் ஓட்டு பசைக்கு. அகலமான, சுமார் ஒரு மில்லிமீட்டர் கனத் தகடு வெல்டிங் சூட்டில் நெளிந்தால், அதைத் தட்டிச் சமன்படுத்துவது டிங்கரிங் தெரிந்தவருக்கே பெரும்பாடு. பசை இடுக்கையே நிரப்பிவிடுவதால் தண்ணீர் புக வழியில்லை. ஆனால் தகடு பளபளவென்று வரும்வரை தேய்த்திருக்க வேண்டும், இறுகும்வரை கிளாம்ப் அசையக் கூடாது, பிறகு பக்கத்தில் வெல்டிங் வைக்கவே கூடாது.

ராக்கரில் இந்தப் பேச்சே இல்லை, வெல்டிங்தான். கதவு வாயிலைத் தாங்கும் இடம் அது. பசை தயாரிப்பவர்களே அங்கே பசையை மட்டும் நம்பச் சொல்வதில்லை. மேல் தகட்டில் 8 மில்லிமீட்டர் துளைகள் போட்டு, சேரும் பரப்பில் துத்தநாக பிரைமர் அடித்து, 0.6 மில்லிமீட்டர் வயரில் ஒரு துளை இங்கே, அடுத்தது தள்ளி அங்கே என்று நிரப்புங்கள். வெட்டும் முன்பே வாயிலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துப் பற்றவைத்துவிடுங்கள். இல்லையென்றால் கேபின் தொய்ந்து, பிறகு கதவு பொருந்தாது.

கீழ்மூலையிலும் வெல்டிங்கே என் தேர்வு. வளைவான தகடு என்பதால் அவ்வளவாக நெளியாது.

எப்படிச் சேர்த்தாலும், பெயிண்ட் வேலை முடிந்ததும் ராக்கருக்குள் மெழுகு பீய்ச்ச வேண்டும். முன்கண்ணாடிக்கு அடியிலுள்ள காற்றுத் துவாரங்கள் வழியாக விழும் சருகும் மண்ணும் கடைசியில் அங்கேதான் போய்த் தங்கும். வடிகால் துளைகளை மெழுகு அடைத்திருக்கிறதா என்று ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள்.